தறிப் பேட்டையும் பைத்தானும்

எங்கள் சிந்தாதிரிப்பேட்டையின் பெயரே 'சின்னத் தறிப் பேட்டை' என்பதன் திரிபுதான். 1734-இல், கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து ஓடும் இடத்தில் இருந்த சுங்குராமச் செட்டியின் தோட்டத்தை எடுத்து நெசவாளருக்கென்று கும்பெனி இதை அமைத்தது. நூற்பவர், நெய்பவர், சாயம் தோய்ப்பவர், வெளுப்பவர், கோயில் ஊழியர் என்று யார் குடியேறலாம் என்பதையும் அதுவே சொன்னது. ஏற்றுமதிக்குத் துணி வேண்டும். அதற்கு முதலில் வேலைக்கேற்ற இடம் வேண்டும். வியாபாரிகள் மூலம் முன்பணம் வரும். வாங்கிய நெசவாளி துணியை வேறொருவருக்கு விற்க முடியாது. தறி அவன் வீட்டில் இருந்தாலும் பிடி வேறு கையில்.

போன மாதம் என் பேரன் ரிச்சி தெருவில் லேப்டாப் வாங்கி வந்து, 'டேட்டா சயின்ஸ்' படிப்புக்காக அதைத் தயார் செய்தான். முதலில் பைத்தான், 1991-இல் நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ராஸம் வெளியிட்ட மொழி. அடுத்து ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி 'என்விரான்மெண்ட்'. ஏன் என்றேன். "ஒரு வேலைக்குப் பாண்டாஸ் பழைய பதிப்பு வேணும் தாத்தா, இன்னொண்ணுக்குப் புதுசு. ஒரே இடத்துல போட்டா ஒண்ணை ஒண்ணு கெடுத்துடும்" என்றான். வேட்டிக்கு ஏற்றிய பாவில் பட்டுப் புடவை நெய்ய முடியுமா? அதே கதைதான். எந்தப் பதிப்பு என்பதையெல்லாம் ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்தான். அதைக் கொண்டு வேறு கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாமாம். ஆபீசில் நாங்கள் சீட்டை ஒப்படைக்கும்போது கொடுத்த சார்ஜ் லிஸ்ட் நினைவுக்கு வந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். லியோன் நகரத்து ஜக்காரின் பெயர் அங்கேயே பழக்கம். 1804-இல் துளையிட்ட அட்டைகளால் தறியை நடத்தினார். அதே துளை அட்டை வழியில்தான் 1890-இல் ஹாலரித் அமெரிக்க மக்கள்தொகையை எண்ணினார். தறி அட்டை கணக்கு அட்டையாயிற்று. பேரன் ஏற்றிய 'சைகிட்-லேர்ன்' தொகுப்பின் முதல் வெளியீட்டை 2010-இல் கொண்டுவந்தவர்களும் பிரான்சின் இன்ரியா ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள்தான். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமை, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாம் இலவசம். முன்பணம் இல்லை, யாருக்கு விற்கவேண்டும் என்ற கட்டும் இல்லை. 'அனகோண்டா' என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டை ஒன்றும் உண்டு. மாணவருக்கு அதுவும் இலவசம். பெரிய நிறுவனங்கள் மட்டும் பணம் கட்ட வேண்டும். பேரன் அது வேண்டாமென்று பைத்தானோடு வருவதையே வைத்துக்கொண்டான்.