ஆர்சி பக்கி: மேம்பாடும் செட்டப்பும்

ஆர்சி பக்கி என்பது மேடு பள்ளங்களும் தாவுமேடுகளும் நிறைந்த தடத்தில் பந்தயம் விடுவதற்காகச் செய்யப்படும் தொலைக்கட்டுப்பாட்டுக் கார். இதன் வகைகளில் உலகெங்கும் பரவலாக ஓடுவது 1:10 அளவு மின்சார பக்கி. போட்டி விதிகள் இதன் அகலத்தை 250 மில்லிமீட்டருக்குள் அடக்குகின்றன. எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். சுமார் 36 மி.மீ. விட்டமுள்ள 540 அளவு மோட்டார் பின்சக்கரங்களை மட்டுமோ, நான்கு சக்கரங்களையுமோ சுழற்றும். ஒரு சுற்றுப் பந்தயம் பெரும்பாலும் 5 நிமிடத்தில் முடிந்துவிடும். இக்கட்டுரை பின்சக்கர இயக்கப் பக்கியை முன்வைத்துப் பேசுகிறது. முன்சக்கரங்களின் இழுவை கைகொடுக்காததால், செட்டப்பில் செய்த பிழை அந்தக் காரில் உடனே தெரிந்துவிடும்.

பக்கி வைத்திருப்பவருக்கு இரண்டு வகை வேலைகள் உண்டு. மட்டமான பாகத்தைக் கழற்றிவிட்டு நல்லதைப் போடுவது மேம்பாடு. இருக்கிற பாகங்களின் கோணம், நீளம், எண்ணெய், ஸ்பிரிங் ஆகியவற்றைத் தடத்துக்கேற்ப மாற்றுவது செட்டப். புதியவர்களில் பலர் செட்டப்பில் தீரக்கூடிய குறைக்குக் கடையில் மருந்து தேடுகிறார்கள். வளைவில் வால் வீசும் காருக்குப் பெரிய மோட்டார் வாங்கிப் போடுகிறார்கள். அது இன்னும் வேகமாக வால் வீசுகிறது.

1984-இன் இரண்டு கார்கள்

ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு கார்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஹார்னெட், சிறுவர்கள் வாங்கக்கூடிய விலையில் வந்த கார். அதன் பின் அச்சு, கியர்பெட்டி, மோட்டார் மூன்றும் ஒரே துண்டாக மேலும் கீழும் ஆடும். அதாவது, ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தோடு சேர்ந்து மோட்டாரின் எடையும் துள்ளும். முன்பக்கத்தில் எண்ணெய் ஷாக் கிடையாது, வெறும் ஸ்பிரிங்தான். பேரிங் இருக்க வேண்டிய இடங்களில் புஷ்கள் இருந்தன. இது மேம்பாட்டுக்காகவே பிறந்த கார். எண்ணற்றோர் அதில் பாகம் பாகமாக மாற்றித்தான் இந்தக் கலையைக் கற்றார்கள். மறுவெளியீடாக வந்த ஹார்னெட்டிலும் அந்தப் பழக்கம் தொடர்கிறது.

கலிஃபோர்னியாவின் டீம் அசோசியேட்டட் நிறுவனத்துக்காக ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்த ஆர்சி10 வேறு சாதி. பொன்னிறம் ஏற்றிய அலுமினியத் தொட்டி சேசிஸ், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கமைப்பு, கடைசல் பிடித்த அலுமினிய உடல் கொண்ட எண்ணெய் ஷாக்குகள் எல்லாம் பெட்டியிலேயே வந்தன. கலிஃபோர்னியாவின் டெல் மாரில் 1985-இல் நடந்த முதல் உலகப் போட்டியில் பின்சக்கர இயக்கப் பிரிவை அந்தக் காரில் ஜே ஹால்சி வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே பிரிவை ஜப்பானின் மசாமி ஹிரோசாகாவும் ஆர்சி10 ஓட்டியே வென்றார். அதற்குள் அந்தக் காரின் ஆறு பற்சக்கரக் கியர்பெட்டி போய், பால் டிஃபரென்ஷியல் கொண்ட மூன்று பற்சக்கர ஸ்டெல்த் கியர்பெட்டி வந்திருந்தது. இன்றைய பக்கிகள் எல்லாமே ஹார்னெட்டைவிட ஆர்சி10-க்குத்தான் நெருங்கிய உறவு.

பாகங்கள்: எது முதலில்

முதல் செலவு பேரிங்குகளுக்கு. டாமியா கார்கள் பலவற்றில் பொருந்துவது 5 மி.மீ. உள்விட்டமும் 11 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட '1150' பேரிங். புஷ்ஷை எடுத்துவிட்டு இதைப் போட்டால் உராய்வு குறையும், அச்சு ஆட்டம் நிற்கும், ஒரே மின்கலத்தில் கூடுதல் நேரம் ஓடும். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் மாற்றம் இந்தக் காரில் வேறில்லை.

அடுத்தது டயர். தளர்ந்த மண்ணில் குத்திப் பிடிக்க உயரமான முள்கள் வேண்டும். ஓடி ஓடிக் கறுத்துப் பளபளப்பாகிவிட்ட களிமண் தடத்தில் அதே முள்கள் வளைந்து நழுவும். அங்கே குட்டை முள் டயரோ, வழுவழுப்பான டயரோதான் நிற்கும். கம்பளத்துக்கும் செயற்கைப் புல்லுக்கும் தனி டயர்கள் உண்டு. ரப்பரின் மென்மை, உள்ளே வைக்கும் நுரையின் கெட்டித்தன்மை, டயரை விளிம்பில் ஒட்டியதில் உள்ள சுத்தம் எல்லாம் கணக்கில் வரும். உள்ளூர்த் தடத்தில் ஜெயிப்பவர் என்ன டயர் போடுகிறார் என்று கேட்டுக்கொள்வது எந்தப் புத்தகத்தையும்விட விரைவான வழி.

அலுமினியப் பாகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பளபளக்கும் அலுமினியக் கைகள் அலமாரியில் அழகாக இருக்கும். நைலான் கை மோதும்போது வளைந்து கொடுத்துப் பழைய நிலைக்கு வரும், இல்லையென்றால் உடையும்; உடைந்தால் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். அலுமினியக் கை வளைந்தால் வளைந்ததுதான். அது தாங்கிவிட்டாலோ அடி சேசிஸுக்கும் கியர்பெட்டிக்கும் போகும். வலப்புரியும் இடப்புரியும் ஒருங்கே கொண்ட டைட்டானியம் இணைப்புத் தண்டுகளோ வாங்கத் தக்கவை. கழற்றாமலேயே திருகி நீளத்தை மாற்றலாம் என்பதால் அவை செட்டப்புக்கு உதவுகின்றன.

ஷாக்

செட்டப்பின் இதயம் ஷாக்கில் இருக்கிறது. சிலிக்கான் எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் துளையிட்ட சிறு பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே பிதுங்கிப் போகும்போது எழும் தடைதான் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. எண்ணெயின் கெட்டித்தன்மையை 'வெயிட்' என்றும் சென்டிஸ்டோக் என்றும் இரு விதமாகக் குறிப்பார்கள். டீம் அசோசியேட்டட் அளவுமுறையில் 30 வெயிட் ஏறத்தாழ 350 சென்டிஸ்டோக், 40 வெயிட் ஏறத்தாழ 500. நிறுவனத்துக்கு நிறுவனம் 'வெயிட்' மாறும் என்பதால் சென்டிஸ்டோக்கை நம்புவதே நல்லது. வெயில் ஏறினால் எண்ணெய் இளகும். காலையில் கச்சிதமாக இருந்த கார் உச்சிவெயிலில் துள்ளத் தொடங்கினால், ஒரு படி கெட்டியான எண்ணெய்க்குப் போக வேண்டும்.

எண்ணெயும் பிஸ்டனும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும். அப்படியில்லை. வளைவில் கார் சாயும்போது பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. அங்கே எண்ணெயின் கெட்டித்தன்மை ஆட்சி செய்கிறது. தாவிவிட்டுத் தரையில் விழும்போது பிஸ்டன் அதிவேகமாக நகர்கிறது. எண்ணெய் துளைக்குள் கொந்தளித்து, கிட்டத்தட்டப் பூட்டிக்கொள்கிறது; அங்கே ஆட்சி துளையின் அளவுக்கு. சிறு துளைப் பிஸ்டனும் இளகிய எண்ணெயும் சேர்ந்தால் தாவல்களில் அடிவயிறு தரையில் இடிக்காது, ஆனால் கரடுமுரடான நேர்ப்பாதையில் சக்கரங்கள் தத்தும். பெரிய துளையும் கெட்டி எண்ணெயும் சேர்ந்தால் கரடுகளை விழுங்கும், பெரிய தாவலில் அடி வாங்கும். தடத்தில் எது அதிகம் என்று பார்த்துத்தான் தேர்வு.

ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை, முன்பக்கம் கடினமானால் ஸ்டியரிங் மந்தமாகும். பின்பக்கம் கடினமானால் ஸ்டியரிங் கூடி, பின்பிடிப்பு குறையும். ஷாக்கைக் கட்டும்போது உள்ளே காற்றுக் குமிழி தங்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண். பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கி, குமிழிகள் மேலே வரும்வரை காத்திருந்து மூடுவார்கள். இடதும் வலதும் ஒரே வேகத்தில் எழுகின்றனவா என்று கையால் அழுத்திப் பார்ப்பதும் கட்டாயம்.

கோணங்களும் எடையும்

சக்கரத்தின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சாய்வது நெகட்டிவ் கேம்பர். 1 முதல் 2 டிகிரி வழக்கம். பின்சக்கரங்களின் முன்விளிம்புகள் சற்றே உள்நோக்கித் திரும்பியிருப்பது டோ-இன். 3 டிகிரி பெரும்பாலான கார்களின் தொடக்கப்புள்ளி. இதுதான் வேகம் கொடுக்கும்போது வாலை நேராக வைத்திருக்கிறது. தரையிலிருந்து சேசிஸின் உயரம் மண்ணில் 20 முதல் 25 மி.மீ. வரை, கம்பளத்தில் அதைவிடத் தாழ்வாக. கேம்பரை நிர்ணயிக்கும் மேல் இணைப்புத் தண்டின் உள்முனையைத் தாழ்த்தினால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருள்மையம் உயர்ந்து கார் குறைவாகச் சாயும். தண்டை நீளமாக்கினால் பின்பக்கம் நிதானமாகும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் மோட்டார் இருக்கும் இடம். ஆர்சி10-இல் மோட்டார் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கியது. தளர்மண்ணில் அந்த எடைதான் பின்டயருக்குப் பிடிப்பைக் கொடுத்தது. பிடிப்பு மிகுந்த தடங்கள் பெருகியபோது அதே எடை வளைவில் வாலை இழுக்கும் சுமையாகிவிட்டது. மோட்டார் அச்சுக்கு முன்னால் நகர்ந்தது. டீம் அசோசியேட்டட் 2014-இல் மோட்டார் பின்னுள்ள பி5, நடுவிலுள்ள பி5எம் என்று இரண்டையும் விற்றது. வாங்குபவர் தன் தடத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தது.

எந்தக் காரானாலும் தாவி காற்றில் இருக்கும்போது ஓட்டுநருக்கு ஒரு பிடி மிச்சமிருக்கிறது. வேகம் கொடுத்தால் சக்கரங்கள் முன்னோக்கி வேகமாகச் சுழல, எதிர்விளைவாக மூக்கு மேலே எழும். பிரேக் பிடித்தால் மூக்கு இறங்கும். கோண உந்தம் மாறாமை விதி இங்கே விரல் நுனியில் வேலை செய்கிறது.

டிஃபரென்ஷியல், பல் விகிதம், மின்கலம்

வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது டிஃபரென்ஷியல். பால் டிஃபரென்ஷியலில் இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே சிறு குண்டுகள் அழுத்தப்பட்டிருக்கும். இதை, அளவு மீறிய விசைக்கு நழுவிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்சைவிட எப்போதும் இறுக்கமாக வைக்க வேண்டும். திடீரென்று விசை வரும்போது ஸ்லிப்பர் முதலில் நழுவினால் பாகங்கள் தப்பிக்கும். டிஃபரென்ஷியல் முதலில் நழுவினால் குண்டுகள் வளையத்தில் தடம் பதித்துவிடும், பிறகு அது வழுவழுப்பாகச் சுழலாது. பிடிப்பு மிகுந்த தடங்களில் கியர் டிஃபரென்ஷியல் போட்டு, தேன் போலக் கெட்டியான 5,000 முதல் 10,000 சென்டிஸ்டோக் எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

மோட்டாரின் கம்பிச் சுற்று குறையக் குறைய வேகம் கூடும். 17.5 சுற்று ஸ்டாக் பிரிவுக்கு, 6.5 சுற்றெல்லாம் தேர்ந்த கைகளுக்கு. மோட்டார் தண்டிலுள்ள பற்சக்கரமான பினியனில் 21 பற்கள், அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான ஸ்பரில் 81, கியர்பெட்டியின் உள்விகிதம் 2.6 என்றால் மொத்த விகிதம் 10.03. பினியனில் ஒரே ஒரு பல் கூட்டினால் 9.57 ஆகும், நேர்ப்பாதை வேகம் கூடும், மோட்டாரும் கூடச் சூடாகும். எனவே பல்லை மாற்றியவுடன் ஓரிரு நிமிடம் ஓட்டி வெப்பமானியால் பார்ப்பது வழக்கம். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் சிறிய பினியனுக்குத் திரும்ப வேண்டும்; அதிக வெப்பம் ரோட்டரின் காந்தத்தைப் பலவீனப்படுத்தும்.

ஆறு செல் நிக்கல் காட்மியம் மின்கலம் 7.2 வோல்ட் தந்த காலம் போய், இன்று இரண்டு செல் லித்தியம் பாலிமர் வந்திருக்கிறது. பெயரளவில் 7.4 வோல்ட், முழுச் சார்ஜில் 8.4. செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் கெட்டுவிடும் என்பதால் வேகக்கட்டுப்பாட்டுக் கருவியில் குறைமின்னழுத்த வெட்டை இயக்கி வைக்க வேண்டும். பழைய ஹார்னெட்டின் இயந்திர வேகக்கட்டுப்பாட்டில் இந்த வசதியே கிடையாது. அதில் லித்தியம் போடுவதற்கு முன் மின்னணுக் கருவிக்கு மாறியாக வேண்டும். சார்ஜ் செய்யும்போது தீத்தாங்கும் பையில் வைத்து, இரு செல்களையும் சமன்படுத்தும் சார்ஜரைப் பயன்படுத்த வேண்டும். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருந்தால் உப்பாமல் நீடிக்கும்.