ஜேஏஎஃப்: ஒரு மூன்றெழுத்தின் வாழ்க்கை

இலங்கையின் மன்னாருக்கு விமான நிலையக் குறியீடு இல்லை. உலகப் பட்டியலில் எம்ஏஎன் என்றால் இங்கிலாந்தின் மான்செஸ்டர், எம்என்ஆர் என்றால் சாம்பியாவின் மோங்கு. மன்னார்த் தீவுக்காரர் சென்னைக்குப் பறக்க நினைத்தால், பெருநிலத்துக்கு வந்து, ஏ-32 வீதியில் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போகலாம். சென்னையிலிருந்து திரும்பும்போது அவர் பெட்டியில் ஒட்டப்படும் பட்டையில் யாழ்ப்பாணத்தின் எழுத்துகள் இருக்கும்: ஜேஏஎஃப்.

இந்த மூன்றெழுத்தை வழங்குவது விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா. பயணச்சீட்டும் பெட்டியும் வழிதவறாமல் போக அது உதவுகிறது. விமானிகளுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் வேறொரு பட்டியல் உண்டு, ஐ.நா.வின் ஐசிஏஓ தரும் நாலெழுத்து. பலாலிக்கு அது விசிசிஜே. 'வி' நம் பக்கத்து வட்டாரம், 'சி' சிலோன். நாடு 1972இல் ஸ்ரீலங்கா ஆனது; விமானிகளின் ஏட்டில் சிலோன் இன்றும் இருக்கிறது. மெட்ராஸ் சென்னையான பிறகும் எம்ஏஏ ஆகவே இருப்பதும் இப்படித்தான். ஆயிரக்கணக்கான அட்டவணைகளும் கணினிகளும் ஒரு குறியீட்டை நம்பி இயங்கும்போது அதை மாற்ற யாரும் எளிதில் துணிவதில்லை.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்கு நடத்தியது. மன்னார்க்காரருக்கு அப்போது விமானம் தேவைப்படவில்லை. 1914 முதல் எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு போகலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் இலங்கையின் உள்நாட்டுப் போரோடு நின்றது.

அந்தப் போரில் தரைவழியும் அடைபட்டபோது, யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொழும்பு போக விமானமே பெரிய வழியானது. 1998 செப்டம்பர் 29, லயன் ஏர் 602 பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பியது. பயணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர். பயணிகளில் பெரும்பாலோர் தமிழர். மன்னாருக்கு வடக்கே கடலில் விமானம் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. இரணைதீவுக்கு அருகே கடலடியில் அதன் பாகங்கள் கிடைத்தது 2012இல்தான். பதினான்கு ஆண்டுகள் இறந்தவர்களின் குடும்பங்கள் எதையும் புதைக்காமல், எரிக்காமல், காத்திருந்தன. பலாலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் திறப்பு விழாக்களை மட்டும் எழுதிவிட்டு இந்த 55 பேரைத் தாண்டிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. ஜேஏஎஃப் என்ற பட்டியல் வரிக்கு அவர்களும் சொந்தக்காரர்கள்.

2019 அக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் விமானம் வந்திறங்கியது. கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. பெயர்ப்பலகை புதிது, எழுத்து பழையதே.

மன்னாருக்கு ஓடுபாதை வேண்டுமென்று நான் கேட்கவில்லை. பூநாரைகள் வந்திறங்கும் வங்காலைச் சதுப்புக்குப் பக்கத்தில் அது வேண்டவும் வேண்டாம். ஆனால் ஐயாட்டா எழுத்து விமான நிலையத்துக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனியின் கொலோன் ரயில் நிலையத்துக்குக் கியூகேஎல், பிரசல்ஸ் தெற்கு நிலையத்துக்கு இசட்ஒய்ஆர். விமானமும் ரயிலும் ஒரே பயணச்சீட்டில் விற்கப்படும் இடங்களுக்கு அப்படிக் கொடுக்கிறார்கள். தலைமன்னாருக்கு ரயில் 2015 மார்ச்சில் திரும்பிவிட்டது. கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. இடையில் ஒரு கப்பல் ஓடட்டும். அதற்குப் பிறகு தலைமன்னாருக்கும் மூன்றெழுத்துக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.