பதினைந்து வயதுக்கு எந்த நாவல்?

தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் வாசிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். அண்மையில் அதைக் கேட்டவர் ஒரு தந்தை. மகள் மூன்றாம் படிவம் படிக்கிறாள். "இந்த வயதுப் பிள்ளைகள் படிக்கக்கூடிய நல்ல நாவல்களுக்கு ஒரு பட்டியல் கொடுங்களேன்" என்றார். கேட்டதில் தவறே இல்லை. ஆனால் அந்த நேரம் பார்த்துக் கேமரா பக்கத்தில் இருந்த மகளின் முகத்தைக் காட்டியது. பல் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருப்பவரின் முகம் அது.

அன்று நேரம் முடிந்துவிட்டது. சொல்ல நினைத்ததை இங்கே சொல்கிறேன். அதற்கு நேயர்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பதின்ம வயதினருக்கு நாவல் பரிந்துரைப்பதை ஒரு தனிப் பணியாகவே வளர்த்தவர்கள் அந்நாட்டு நூலகர்கள்தாம்.

பட்டியலும் அங்கே பழைய சங்கதிதான். நியூயார்க் பொது நூலகத்தில் இளையர் பிரிவைக் கட்டியெழுப்பிய மேபல் வில்லியம்ஸின் காலத்தில், 1929ஆம் ஆண்டிலேயே இளையருக்கான நூற்பட்டியல் வெளிவரத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் ஆண்டுதோறும் வந்தது. அந்தக் காலத்தில் 'இளையர் நாவல்' என்ற வகையே கிடையாது. சிறுவர் நூல் ஒரு பக்கம், பெரியவர் நூல் மறு பக்கம். இடையில் நின்ற பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அலமாரியிலிருந்துதான் பொறுக்கித் தர வேண்டியிருந்தது.

அந்தப் பொறுக்கும் வேலையை ஒரு கலையாகவே செய்தவர் மார்கரெட் எட்வர்ட்ஸ். டெக்சாசில் பிறந்தவர், பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1932இல் பால்டிமோர் நகரின் ஈனாக் பிராட் நூலகத்தில் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, 1962 வரை முப்பது ஆண்டுகள் இளையருக்காகவே அங்குப் பணியாற்றினார்.

அவரிடம் வேலைக்கு வருபவர்கள் முதலில் படிக்க வேண்டும். பட்டியலில் இருந்தவை 300 நூல்கள்! அத்தனையையும் படித்து, படித்ததைப் பற்றி அவரிடம் வந்து பேசிக் காட்டவும் வேண்டும். அட்டையைப் பார்த்து நூலை நீட்டுகிறவர் அவரிடம் நிலைக்க முடியாது. தேறியவர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போவார்கள். வகுப்பின் முன் நின்று ஒரு நூலின் கதையைச் சுவை குன்றாமல் சொல்லி, சரியான இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மீதி வேண்டுமா, நூலகத்துக்கு வா! தொலைக்காட்சியில் தொடர் நாடகத்தை முடிக்கிற இடம் எங்களுக்குத் தெரியும் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அவர்கள் அதை எப்போதோ செய்துவிட்டார்கள்.

1940களில் ஒரு குதிரை வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு, நூலகப் பக்கமே வராத மக்கள் வாழ்ந்த ஏழைத் தெருக்களுக்கும் போனார் எட்வர்ட்ஸ்.

அவரிடம் எனக்கு ஒரு கருத்து வேறுபாடும் உண்டு. காதல் கதை கேட்டு வரும் பெண்ணைப் படிப்படியாக உயர்ந்த நூல்களுக்கு ஏற்றிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. எனக்கு ஏணி பிடிக்காது என்றில்லை. ஆனால் சில பிள்ளைகள் கீழ்ப்படியிலேயே வெகுநாள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அவர்களுக்கு ஏதோ ஒரு தேவை இருக்கிறது. 1942இல் மோரீன் டேலி என்ற இளம்பெண் எழுதிய 'செவன்டீன்த் சம்மர்' ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் ஒரு கோடைக்காலத்துக் காதல். அவ்வளவுதான். அதைப் பிள்ளைகள் விரும்பிப் படித்ததால்தான், இவர்களுக்கென்று தனியாக எழுதலாம் என்ற எண்ணமே பதிப்பாளர்களிடம் வலுப்பெற்றது.

நியூயார்க்கில் இன்னொரு மார்கரெட் இருந்தார். மார்கரெட் ஸ்காகின். சிறுவருக்கும் இளையருக்கும் மட்டுமே என்று 1941இல் மன்ஹாட்டனில் திறக்கப்பட்ட நேதன் ஸ்ட்ராஸ் கிளை நூலகத்தை நடத்தியவர். அவர் செய்த ஒரு காரியம் என் தொழிலுக்கு நெருக்கமானது. 1940களின் நடுவில் வானொலியில் நூல் விமர்சன நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். விமர்சகர்கள் யார் தெரியுமா? உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்! எழுதிய ஆசிரியரே எதிரில் அமர்ந்திருக்கும்போதும் அவர் நூலை அலசுவார்கள். பெரியவர்கள் பரிந்துரைத்து இளையர் கேட்டுக்கொள்வது என்ற வழக்கம் அங்கே தலைகீழானது. நான் நடத்துகிற மன்றத்தில் பெற்றோருக்கு ஒலிவாங்கி கொடுத்தேன், அந்த மகளுக்குக் கொடுக்கவில்லை. ஸ்காகினைப் பற்றிப் படித்தபோது வெட்கமாகத்தான் இருந்தது.

இளையர் பேசலாம் என்றால் எழுதவும் செய்யலாம் அல்லவா? ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் சூசன் ஹின்டன் என்ற மாணவி பதினைந்து வயதில் ஒரு நாவல் எழுதத் தொடங்கினார். பெற்றோரை இழந்த மூன்று சகோதரர்கள், வசதி படைத்த இளைஞர்களுக்கும் ஏழை இளைஞர்களுக்கும் நடக்கும் தெருச் சண்டை, அதில் போகும் உயிர்கள். தான் படித்த பள்ளியில் கண்ணால் கண்ட பிளவைத்தான் எழுதினார். அந்தச் சமயத்தில் படைப்பிலக்கியப் பாடத்தில் அவருக்குக் கிடைத்த தரம் 'டி'. அவரே சொன்னது. தேர்வு முடிவு வரும் நாளில் வீட்டில் புயல் வீசும் குடும்பங்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

1967இல் 'தி அவுட்சைடர்ஸ்' வெளிவந்தபோது அவருக்கு வயது 18. பெண் பெயரைப் பார்த்து விமர்சகர்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்று எஸ்.இ. ஹின்டன் என்று அச்சிட்டார்கள். வன்முறை, குடி, சிதைந்த குடும்பம் என்று சொல்லிச் சில பள்ளிகள் அதை அலமாரியிலிருந்து எடுத்தன. வேறு பள்ளிகளில் ஆசிரியர்கள் அதையே வகுப்பில் படிக்க வைத்தார்கள்.

அதைப் படித்தவர்களில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ பகுதியிலிருந்த லோன் ஸ்டார் என்ற சிறிய பள்ளியின் பிள்ளைகளும் அடக்கம். நாவல் படிக்கவே மாட்டேன் என்றிருந்த பையன்கள்கூட இதைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. இதைத் திரைப்படமாக எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். 'காட்ஃபாதர்' இயக்கிய பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா தயாரித்த 'தி பிளாக் ஸ்டாலியன்' படம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆகவே பள்ளி நூலகர் ஜோ எலன் மிசாகியன் 1980இல் அவருக்குக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் கையெழுத்திட்ட மனுவும் நாவலும் கூடவே போயின. 1983இல் படம் வந்தது. டாம் குரூஸ், மேட் டில்லன், பேட்ரிக் ஸ்வேசி என்று பின்னாளில் பெரும்புள்ளிகளான பலர் அதில் இளைஞர்களாக நடித்தார்கள். அந்த நூலகருக்கும் மாணவர்களுக்கும் படத்தையே சமர்ப்பணம் செய்திருந்தார் இயக்குநர். பிள்ளைகள் ஒரு பெரியவருக்கு நாவல் பரிந்துரைத்த கதை இது!

இதோடு நிறுத்தினால் வரலாறு இனிப்பாக இருக்கும். ஆனால் பால்டிமோருக்கு ஒருமுறை திரும்பிப் போக வேண்டும்.

ஈனாக் பிராட் என்ற வணிகர் 1880களில் அந்த நூலகத்தை நகரத்துக்குக் கொடுத்தபோது, இனமோ நிறமோ பாராமல் எல்லாருக்கும் உரியது என்றுதான் சொன்னார். எட்வர்ட்ஸ் 1932இல் நுழைந்த அதே பயிற்சி வகுப்புக்கு 1943இல் லூயிஸ் கெர் என்ற கறுப்பினப் பெண் விண்ணப்பித்தார். தகுதி பெற்ற ஆசிரியை அவர். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். முதல் நீதிமன்றத்தில் தோற்று, 1945இல் மேல்முறையீட்டில் வென்றார். ஏழைத் தெருக்களுக்குக் குதிரை வண்டியில் நூல் அனுப்பிய நூலகம், பரிந்துரைக்கிறவர் யாராக இருக்கலாம் என்பதில் இவ்வளவு குறுகலாக இருந்தது. எட்வர்ட்ஸ் மீது எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனால் அவருடைய 300 நூல்களை நினைக்கும்போது, அந்த அறையில் யாரெல்லாம் இல்லை என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

அந்தக் காலத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வால்டர் டீன் மையர்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன் வளர்ந்துகொண்டிருந்தான். நூல் பைத்தியம். மற்றப் பையன்கள் கேலி செய்யாமலிருக்க, நூலக நூல்களைக் காகிதப் பையில் மறைத்துக்கொண்டு நடப்பான். படித்த நூல்களில் தன்னைப் போன்ற ஒருவரும் இல்லை என்று வளர வளரப் புரிந்தது. உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுப் பதினேழு வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். பிறகு ஜேம்ஸ் பால்ட்வினின் ஹார்லெம் சிறுகதை ஒன்று கையில் கிடைத்தது. நம் தெருவையும் எழுதலாம் போலிருக்கிறதே என்ற துணிவு அப்போதுதான் வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

அவர் 1999இல் எழுதிய 'மான்ஸ்டர்' ஒரு கொலை வழக்கில் சிக்கிய பதினாறு வயதுப் பையனின் கதை. பையனுக்குத் திரைப்படம் எடுக்கும் ஆசை. ஆகவே தன் வழக்கையே திரைக்கதையாக எழுதுகிறான். அவன் குற்றவாளியா இல்லையா என்று படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையர் பிரிவு பிரின்ட்ஸ் விருதை ஏற்படுத்தியபோது, 2000இல் முதல் விருது அந்த நாவலுக்கே போனது. 2014இல், தாம் மறைந்த அதே ஆண்டில், வெள்ளையர் அல்லாத பிள்ளைகள் சிறுவர் நூல்களில் எங்கே என்று கேட்டு 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார்.

நிகழ்ச்சிக்குப் பிறகு அந்தத் தந்தைக்குப் பட்டியல் அனுப்பவில்லை. 'தி அவுட்சைடர்ஸ்', 'மான்ஸ்டர்' என்ற இரண்டு பெயர்களை மட்டும் எழுதி, "ஐயா, நீங்களும் படியுங்கள்" என்று அடியில் சேர்த்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். முதல் நாவலில் பாதிதான் தாண்டியிருக்கிறாராம். மகள் எப்போதோ முடித்துவிட்டாளாம். "கடைசியில் என்ன ஆகிறது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், அம்மா" என்று என்னிடம் புகார் சொன்னார்.