சுங்கை லாங் படகுப் பலகையும் கரிமக் காலக்கணிப்பும்

முன்னுரை

தொல்லியல் செய்திகள் நாளிதழ்களில் வெளிவரும்போது ஆண்டொன்று தலைப்பில் இடம்பெறுகின்றது. கீழடிக்குக் கி.மு. 580 என்றும், பொருந்தலுக்குக் கி.மு. 490 என்றும், கெடாவின் சுங்கை பத்துவுக்குக் கி.மு. 788 என்றும் படிக்கின்றோம். இவ்வெண்கள் வகுப்பறைக்கும் மேடைக்கும் விரைவில் வந்து சேர்கின்றன. அவை எப்பொருளிலிருந்து பெறப்பட்டன, எந்த நிகழ்வைக் குறிக்கின்றன என்னும் வினாக்களோ பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. கரிமக் காலக்கணிப்பு தரும் எண்ணை எங்ஙனம் படிப்பது என்பதனைக் கிள்ளான் பகுதிக்கு அண்மையில் கிடைத்த ஒரு சான்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிள்ளான் பகுதியின் வெண்கலச் சான்றுகள்

சிலாங்கூரின் கடலோரம் ஈயச் சுரங்கங்களுக்கும் இரப்பர்த் தோட்டங்களுக்கும் மிக முந்திய வரலாறு உடையது. கிள்ளானில் வெண்கலக் கண்டாமணிகள் கிடைத்துள்ளன. 1944இல் கிள்ளான் புக்கிட் கூடாவில் வெண்கல முரசு ஒன்று வெளிப்பட்டது. 1964இல் கிள்ளானுக்குத் தெற்கே, கோலா லங்காட் மாவட்டத்துக் கம்போங் சுங்கை லாங்கில் மேலும் இரு முரசுகள் கண்டெடுக்கப்பட்டன. இவற்றைப் பற்றிப் பி.ஏ.வி. பீக்காக் 1965இல் எழுதினார்.

இம்முரசுகள் வட வியட்நாமின் தோங்சோன் பண்பாட்டைச் சார்ந்தவை. பிரான்ஸ் ஹெகர் 1902இல் வகுத்த பாகுபாட்டில் முதல் வகையில் அடங்குபவை. சுங்கை லாங் முரசுகளுக்குத் தனிச்சிறப்பொன்று உண்டு. அவை சிறு மண்மேட்டின் அடியில், படகொன்றிலிருந்து பெற்ற மரப்பலகையின்மீது வைக்கப்பட்டிருந்தன. மட்கலங்களும் கண்ணாடிப் பாசிமணிகளும் உடன் கிடைத்தன. வெண்கலத்தைக் கரிம முறையால் காலங்கணிக்க இயலாது, மரத்தைக் கணிக்கலாம். ஆகவே, முரசின் காலத்தை அறியப் பலகையே துணையாயிற்று. அப்பலகை தந்த கரிம அகவை ஏறத்தாழ 2,400 ஆண்டுகள். இதனை நேராகக் கழித்துப் பார்ப்பின் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு என்னும் விடை கிடைக்கும். இவ்விடையை அவ்வாறே ஏற்கலாமா என்பதே நம்முன் உள்ள வினா.

கரிமக் கணிப்பின் அடிப்படை

சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லார்டு லிபியும் அவர்தம் குழுவினரும் 1949இல் இம்முறையை நிறுவினர். அதன் பொருட்டு லிபி 1960இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். வளிமண்டலத்தில் இடையறாது உருவாகும் கரிமம்-14, தாவரங்கள் வழியாக உயிர்களின் உடலிற் சேர்கின்றது. உயிர் நீங்கியபின் புதிய கரிமம் சேர்வதில்லை. முன்பு சேர்ந்தது சிதையத் தொடங்குகின்றது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். 2,400 ஆண்டு கழிந்த மரத்தில் தொடக்க அளவின் முக்கால் பங்கு எஞ்சியிருக்கும். எஞ்சியதை அளந்து கழிந்த காலத்தைக் கணக்கிடுகின்றனர். ‘இன்றைக்கு முன்’ என ஆய்வறிக்கைகள் குறிக்கும்போது ‘இன்று’ என்பது கி.பி. 1950ஆம் ஆண்டையே சுட்டும்.

மரத்தின் காலமும் புதைத்த காலமும்

கரிமம் அளப்பது உயிர் நீங்கிய காலத்தை. மரத்தைப் பொறுத்தவரை இது மேலும் நுணுக்கமானது. மரத்தின் உள்வளையங்கள் மரம் நிற்கும்போதே கரிமம் ஏற்பதை நிறுத்திவிடுகின்றன. இருநூறாண்டு வளர்ந்த மரத்தின் நடுப்பகுதியிலிருந்து மாதிரி எடுத்தால், மரம் வெட்டப்பட்ட ஆண்டைவிட இருநூறாண்டு முந்திய காலமே கிடைக்கும். வெட்டிய மரம் படகாகிப் பல்லாண்டு கடலில் ஓடியிருக்கலாம். படகு பழுதுற்றபின் அதன் பலகை பிறிதொரு பயன்பாட்டில் இருந்திருக்கலாம். இறுதியாகவே அது முரசுகளுக்கு அடிப்பலகையாயிற்று. ஆகவே, பலகையின் காலம் முரசுகளைப் புதைத்த காலத்திற்கு முன்னெல்லை மட்டுமே. அக்காலத்திற்கு முன் அவற்றை அப்பலகைமீது வைத்திருக்க இயலாது. எவ்வளவு பின்னர் வைத்தனர் என்பதைப் பலகை தானே கூறாது.

இதனோடு பொருந்தலை ஒப்பிடுக. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. இராசன் நடத்திய அகழாய்வில், ஈமக்குழியில் இருந்த கலத்தில் நெல் கிடைத்தது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த புரிமனையும் அவ்வீமச் சின்னத்திலேயே கிடைத்தது. அந்நெல்லிலிருந்தே கி.மு. 490 என்னும் காலம் பெறப்பட்டது. நெல் ஓராண்டுப் பயிர். அது விளைந்த ஆண்டே அதன் கரிமக் காலம். அறுவடைக்கும் ஈமச்சடங்குக்கும் இடையே நீண்ட காலம் கழிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே, ஒரு பிடி நெல் படகுப் பலகையைவிடச் சிறந்த சான்றாகின்றது. அடுப்புக் கரியும் உலைக் கரியும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. சுள்ளியின் கரியாயின் நன்று, முதுமரத்தின் கரியாயின் ஐயத்திற்குரியது.

சமதளச் சிக்கல்

இரண்டாவது இடர்ப்பாடு வளிமண்டலத்தைச் சார்ந்தது. கரிமம்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே சீராக இருந்ததில்லை. எனவே, ஆண்டு தெரிந்த மரவளையங்களோடு ஒப்பிட்டு அகவையைத் திருத்துகின்றனர். அத்திருத்தக் கோட்டில் கி.மு. 800 முதல் கி.மு. 400 வரையுள்ள பகுதி ஏறத்தாழச் சமதளமாக அமைந்துள்ளது. கி.மு. 700இல் மாண்ட மரமும் கி.மு. 450இல் மாண்ட மரமும் கிட்டத்தட்ட ஒரே கரிம அகவையைக் காட்டும். ‘ஹால்ஸ்டாட் சமதளம்’ என இதனைக் குறிப்பர்.

சுங்கை லாங் பலகையின் அகவை இச்சமதளத்தில்தான் விழுகின்றது. பிழை எல்லை நூறாண்டு எனக் கொண்டு திருத்தினால், விடை கி.மு. எட்டாம் நூற்றாண்டு முதல் நான்காம் நூற்றாண்டு வரையும் அதற்குச் சற்றுப் பின்னும் நீளும். தொடக்கத்தில் குறித்த கீழடி, பொருந்தல், சுங்கை பத்து ஆகியவற்றின் எண்களும் இக்காலப் பரப்பிலேயே அமைந்துள்ளன என்பது கருதத்தக்கது. இதனால் அவை பிழையாகிவிடா. ஆயினும், ஒற்றை ஆண்டாக மேற்கோள் காட்டும்போது அதன் இருபுறமும் உள்ள நூற்றாண்டுகள் மறைந்துவிடுகின்றன.

பாசிமணிகளும் தமிழர் தொடர்பும்

மலேசியத் தமிழாய்வுக்கு இது ஏன் இன்றியமையாதது? சுங்கை லாங்கில் கிடைத்தவற்றுள் தென்னிந்தியத் தொடர்பை நினைவூட்டத்தக்கவை கண்ணாடிப் பாசிமணிகளே. பலகையின் காலத்தை அம்மணிகள்மேல் ஏற்றி, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே தமிழக வணிகர் லங்காட் கரைக்கு வந்தனர் என எழுதுவது எளிது. ஆனால், அரிக்கமேட்டில் மணித்தொழில் பொதுவாகக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் தொடங்கியதாகக் கருதப்படுகின்றது. மேலும், கண்ணாடி மணிகள் தென்கிழக்காசியாவிலும் செய்யப்பட்டன. மணி எங்கே உருவானது என்பதைக் கண்ணாடியின் வேதியியற் கூறுகளை ஆராய்ந்தே துணிய வேண்டும். பலகை, முரசு, மணி மூன்றும் ஒரே மேட்டில் கிடைத்தமை அவை ஒரே காலத்தில் புதையுண்டதைக் காட்டும். ஒரே காலத்தில் உருவானதைக் காட்டாது.

கெடாவின் சுங்கை பத்து இதே எச்சரிக்கைக்கு உரியது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அகழாய்வில் முதலில் கி.பி. 110 என்னும் காலமும், பின்னர்க் கி.மு. 535, கி.மு. 788 என்னும் காலங்களும் அறிவிக்கப்பட்டன. அங்கு இரும்புருக்கு உலைகள் இருந்தமை ஐயத்திற்கு இடமற்றது. அவற்றின் மிகத் தொன்மையான காலம்பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடாரத்தின் பெருமை பேசுவோர் இவ்வேறுபாட்டையும் சேர்த்தே பேசுதல் முறையாகும்.

செய்யத்தக்கன

முடுக்கி நிறைமாலை முறையில் சில மில்லிகிராம் மாதிரியே போதும். எனவே, மட்கலத்தில் ஒட்டிய உணவுப் படிவு, விதை, நார் முதலிய குறுகிய ஆயுளுடைய பொருள்களைத் தேடிக் கணிக்கலாம். பல மாதிரிகளைப் பல ஆய்வகங்களில் சோதிப்பதும் நன்று. தமிழகத்தின் இரும்புத் தொன்மைபற்றி 2025 சனவரியில் வெளிவந்த அறிக்கைக்கு அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக், இலக்னோ, அகமதாபாத் ஆகிய இடங்களின் ஆய்வகங்கள் பயன்படுத்தப்பட்டமை இதற்கு எடுத்துக்காட்டாகும்.

முடிவுரை

வகுப்பறையில் ஒரு கரிமக் காலத்தைக் கூறும் ஆசிரியர் மூன்று வினாக்களை உடன் எழுப்ப வேண்டும். கணிக்கப்பட்ட பொருள் யாது? அப்பொருளின் முடிவுக்கும் நாம் அறிய விரும்பும் நிகழ்வுக்கும் இடையே எவ்வளவு காலம் கழிந்திருக்கக்கூடும்? திருத்திய காலத்தின் மேலெல்லையும் கீழெல்லையும் எவை? சுங்கை லாங் முரசுகள் கி.மு. முதலாயிரத்தின் இடைப்பகுதியிலோ அதற்குப் பின்னரோ மண்ணுள் வைக்கப்பட்டன என்பதே பலகை நமக்கு உறுதியாகத் தரும் செய்தி. கிள்ளான் கடற்கரை அந்நாளில் வியட்நாம் வரை நீண்ட கடல்வழியோடு தொடர்புற்றிருந்தது என்பதை முரசுகளே காட்டுகின்றன. அவ்வழியில் தமிழர் எப்போது இணைந்தனர் என்னும் வினாவிற்குரிய விடையை மணிகளிலும் எழுத்துப் பொறிப்புகளிலும் தேட வேண்டும். மரத்தின் அகவையைக் கடன் வாங்கி அதனை நிறுவ இயலாது.