தேவிகுளத்து ஆர்மோனியம்: பாவலர் வரதராஜனின் மேடைப் பாட்டு

தானே பாட்டுக் கட்டித் தானே பாடும் மேடைக் கலைஞர் மரபு தமிழகத்தில் அரசியலை ஒட்டியே வளர்ந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் விசுவநாத தாஸ் (1886–1940) நாடக மேடையில் தேசியப் பாடல்களைப் பாடிச் சிறை சென்றார். மதுரை பாஸ்கரதாஸ் (1892–1952) நாடக மேடைகளுக்குப் பாட்டு எழுதித் தந்தார். பின்னர் அதே பாணி பொதுவுடைமைக் கட்சிக் கூட்டங்களுக்குக் குடிபெயர்ந்தபோது, அங்கே ஓங்கி ஒலித்த குரல் பண்ணைபுரம் பாவலர் வரதராஜனுடையது. இளையராஜாவின் அண்ணன் என்ற ஒற்றை வரியோடு அவரை முடித்துக்கொள்வது நம் சோம்பல்.

அவரது வாழ்வில் தேவிகுளம் தனி அத்தியாயம். 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தேயிலைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்களோ பெரும்பாலும் தமிழர்கள். 1957 ஏப்ரலில் கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையில் அமைந்த பொதுவுடைமைக் கட்சி அரசுக்கு 126 இடங்களில் கட்சியின் பலம் 60 மட்டுமே. ஐந்து சுயேச்சைகளின் ஆதரவில் ஓடிய ஆட்சி அது. எதிர்வேட்பாளரின் மனு முறையின்றித் தள்ளுபடி செய்யப்பட்டதால் தேவிகுளத்தில் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாதென்று ஆக, 1958 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. ஓர் இடம் போனாலும் நெருக்கடிதான்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறித் தோட்ட வேலைக்குப் போவது பண்ணைபுரத்துப் பக்கம் புதிதல்ல. இடைத்தேர்தல் பிரசாரத்துக்காக வரதராஜன் ஆர்மோனியத்தோடு ஏறினார். கையாண்டது பழகிய சினிமா மெட்டுகளையும் நாட்டுப்புற மெட்டுகளையும். காங்கிரசின் அன்றைய சின்னமான இரட்டைக் காளையைக் கேலி செய்த பாட்டு இன்றும் பேசப்படுகிறது. கடன் வாங்கிய மெட்டுதான் அவருடைய பலம் என்பது என் கருத்து. ராகம் ஏற்கெனவே காதில் இருப்பதால் கேட்பவரின் கவனம் முழுக்கச் சொல்லுக்குப் போகிறது; மறுநாள் கொழுந்து பறிக்கும்போது வாயில் தானாக வருகிறது. அச்சடித்த துண்டறிக்கைக்கு இது வாய்க்காது, அதுவும் எழுத்தறியாதவர் நிறைந்த லயத்தில்.

அமெரிக்காவில் நாட்டார் பாடகர் வூடி கத்ரி (1912–1967) செய்ததும் இதுதான். 1940இல் அவர் எழுதிய புகழ்பெற்ற பாட்டின் மெட்டு, கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தார் பாடிய பக்திப் பாட்டிலிருந்து வந்தது. ஆனால் கத்ரிக்கு ஒலிப்பதிவுகள் வாய்த்தன. வரதராஜனுக்கு மேடையும் கேட்டவர் நினைவுமே மிஞ்சின.

ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அதை ஒரே பாடகரின் கணக்கில் எழுதும் புகழ்ச்சி மிகை. தொழிற்சங்கம் வருடக்கணக்கில் உழுது வைத்த நிலத்தில்தான் அந்தப் பாட்டு விழுந்தது.

பின்னாளில் தம்பிகள் பாஸ்கர், ராஜா (இளையராஜா), அமர் மூவரும் சேர, குழு ‘பாவலர் சகோதரர்கள்’ ஆனது. ஊர் ஊராகக் கச்சேரி. திறந்தவெளியில் எந்த மெட்டுக்குக் கூட்டம் நிமிரும், எதற்குக் கலையும் என்று இளையராஜா கற்ற பள்ளி இதுவே. அண்ணன் மெட்டுக்குச் சொல் தேடினார். தம்பி மெட்டையே படைக்கப் போனார். 1960களின் இறுதியில் தம்பிகள் சென்னை சேர்ந்தனர். 1976இல் இளையராஜா இசையமைத்த ‘அன்னக்கிளி’ வந்தபோது பாவலர் உயிரோடு இல்லை.

இன்று பெங்களூருவின் ஓசூர் சாலையில் சந்தாபுரா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் தமிழர்களும் அன்றைய தேவிகுளத்துத் தொழிலாளர்களைப் போல மாநில எல்லை தாண்டிப் பிழைப்பவர்கள்தாம். தம்பியின் பாட்டு இவர்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. அண்ணனின் பெயரைப் பலரும் பார்த்திருப்பது ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘ராஜாதி ராஜா’ (1989), ‘சிங்காரவேலன்’ (1992) படங்களின் தொடக்கத்தில், ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்ற நிறுவனப் பெயராக. சினிமா மெட்டைக் கட்சிக்கு இழுத்து வந்தவரின் பெயர் கடைசியில் சினிமாவுக்கே போய்ச் சேர்ந்தது.