கதிர்காமத் திருவிழாவும் கடல் கடந்த அடியாரும்

ஜவ்வாது மலைத்தொடரின்கண் நெல்லிவாசல்நாடு என்றொரு மலைநாடு உண்டு. இற்றை நாளில் அது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. அங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் தமிழ்க் குடியினர். மலைவாழ்வு பற்றி வந்த பெயரேயன்றி, அது சேரநாட்டுத் தொடர்பைக் குறிப்பதன்று. இம்மலைக் குடியினர்பால் வழங்கிய பழங்கதையொன்றை எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிற் குறித்துள்ளார். காஞ்சிமாநகரத்து வேளாளர் எழுவர், வேடர் கவர்ந்து சென்ற தம் குலமகளிரை மீட்கும்பொருட்டு ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் தனியே மீளுமாயின் தாம் இறந்தனர் எனக் கொண்டு ஈமக்கடன் ஆற்றுக என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். வழியிலே பாலாறு வெள்ளம் பெருகியோடிற்று. ஆடவர் அரிதின் நீந்திக் கரையேறினர். நாய்களோ நடுவெள்ளத்தினின்றும் திரும்பி ஊர் புகுந்தன. மனைவியர் கைம்மைக் கோலம் பூண்டனர். சென்ற காரியம் முடித்து மீண்ட எழுவரும் தமக்கு ஊரில் இடமின்மை கண்டு மலையேறி, வேட்டுவ மகளிரை மணந்து குடியாயினர் என்பது அக்கதை.

மழைவெள்ளம் கடந்து சென்றார், சென்றவாறே மீள்வதில்லை என்பது இக்கதையின் உட்கிடை. வேட்டுவ மகளை மணந்ததனால் மலைக்குடியான எழுவரைப் பற்றிய இக்கதையைக் கேட்டார்க்கு, வேடர்தம் மகளாகிய வள்ளிநாயகியாரை மணந்த முருகப்பெருமான் நினைவிற்கு வருதல் இயல்பே. அப்பெருமானுக்குக் கடலுக்கப்பால் ஈழநாட்டுக் கதிர்காமத்தில் ஆடித் திங்களையொட்டி நிகழும் பெருவிழாவினைக் காணத் தமிழ்நாட்டினின்றும் நெடுங்காலமாக அடியார் பலர் சென்றுள்ளனர். அவர் வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழும்.

அஃதாவது: கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணம் வள்ளியம்மையார் அவதரித்த இடமாகக் கூறும் வள்ளிமலை, மேற்பாடியை அடுத்து வடவார்க்காட்டு நிலத்திலேயே உளது. முருகன் புகழ் பாடிய அருணகிரிநாதர் வாழ்ந்த திருவண்ணாமலையோ ஜவ்வாது மலைக்கு அணித்தேயுள்ளது. இவ்விரண்டிற்கும் அண்மையில் வாழும் ஒருவர், பெருங்காற்று வீசும் பருவத்திலே கடல் கடந்து அயல்நாடு செல்ல வேண்டுவது என்னை? எங்கும் நிறைந்த இறைவன் ஈண்டு இல்லாது ஆண்டு மாத்திரம் உள்ளானோ? இவ்வையத்திற்கு விடை அவ்வரலாற்றினுள்ளேயே கிடைக்கின்றது.

முதற்கண் பண்டையோர் நெறியைக் காண்க. சம்பந்தப் பெருமான் திருவிராமேச்சுரத்தில் எழுந்தருளியிருந்து, கடலுக்கப்பாலுள்ள திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடியருளினார் என்றும், சுந்தரமூர்த்தி நாயனாரும் அவ்வாறே அத்தலத்திலிருந்து திருக்கேதீச்சரத்தைப் பாடினார் என்றும் சேக்கிழார் பெருமான் அருளிச் செய்துள்ளார். கடல் அவர்கட்குத் தடையாகவில்லை. அதனைக் கடத்தலும் வேண்டற்பாலதாகவில்லை. பிற்காலத்தே, கி.பி. 15-ஆம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் கதிர்காமத்து இறைவன்மீது திருப்புகழ்ப் பாடல்கள் பலவற்றை அருளினார். அவர் அத்தலத்திற்கு நேரிற் சென்றார் என்பது வழிவழி வந்த கொள்கை. கரையில் நின்று வழிபடுதல், கடந்து சென்று வழிபடுதல் என்னும் இரண்டும் நம் பெரியோர்க்கு உடன்பாடேயாம் என்பது இதனாற் பெறப்படும்.

இனிக் கடந்து சென்றோர் பட்ட இடர்களை நோக்குவோம். தென்மேற்குப் பருவக்காற்று மிக்கெழும் காலமே இவ்விழாக் காலம். மன்னார்க் குடாக்கடல் அக்காலத்துக் கொந்தளிக்கும். தோணியேறி மன்னாரை அடைந்தோர் பின்னும் காடும் கரையுமாகப் பலநாள் நடத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தினின்றும் கால்நடையாகச் செல்லும் அடியார், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருக்கோணமலை, மட்டக்களப்பு என்னும் ஊர்களைக் கடந்து, உகந்தை முருகனை வணங்கி, குமண, யால என்னும் கானகங்களின் வழியே கதிர்காமம் சேர்வர். ஈண்டு வியப்பொன்று உண்டு. ஜவ்வாது மலைக் கொல்லைகளில் சாமைப் பயிர் தழைக்கும் அவ்வாடிப் பருவத்திலே, ஈழத்தின் மேலைச் சாரல்களில் மழையைச் சொரிந்துவிட்ட காற்று, தென்கீழ்த்திசைக் காட்டிற்கு வறண்ட காற்றாகவே வந்து சேரும். ஆகவே மழைக்காற்றிற் கடல் கடந்தவர், நிலங்கடந்து செல்லுங்கால் குடிநீருக்கு ஏங்கி நடக்க நேர்ந்தது.

19-ஆம் நூற்றாண்டிலே விடபேதி என்னும் கொடுநோய் யாத்திரைக் கூட்டங்களில் பரவிற்று. ஆங்கில அரசினர் அஞ்சிக் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தனர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் உல்ஃப் என்பார், விழா நாட்களில் அங்குத் தங்கி யாத்திரிகரை மேற்பார்வையிடும் கடமை பூண்டிருந்தார். நோய்க்கும் காட்டு விலங்கிற்கும் கட்டளைக்கும் அடியார் பின்வாங்கிலர்.

1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் அமைந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைக்கப்பல் ஓடத் தொடங்கியபின் பயணம் எளிதாயிற்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1983-இல் மூண்ட உள்நாட்டுப் போர் பாதயாத்திரை வழியையும் அடைத்துவிட்டது; 2009-இல் அப்போர் ஓய்ந்தபின் யாழ்ப்பாணத்தினின்றும் நெடுவழி நடப்போர் தொகை மீண்டும் பெருகிற்று. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டது. அதுவும் வடகீழ்ப் பருவமழை கருதிச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டுப் பின்னர் 2024-இல் மீண்டும் தொடங்கிற்று. எத்துணைக் கருவிகள் வந்தும் பருவம் தன் ஆணையை விட்டிலது.

இத்துணை இடர்ப்பட்டுச் சென்றவர் கதிர்காமத்திற் கண்டது யாது? ஆங்குக் கருவறையினுள் வழிபடுவோர் கண்ணுக்குப் புலனாகும் திருவுருவம் இல்லை. வாயிலில் திரை தொங்கும். தேவியர் இருவரோடும் கூடிய பெருமானின் ஓவியம் அத்திரைமீது உண்டு; அடியார் அதன் முன்னரே நின்று வணங்குவர். பூசை செய்வோர் கப்புறாளை எனப்படும் சிங்கள மரபினர். வாயைத் துணியாற் கட்டி மெளனமாகவே பூசை ஆற்றுவர். விழா இரவுகளில் யானைமீது எழுந்தருள்வதும் விக்கிரகமன்று. பேழையில் மறைத்து வைத்த யந்திரமே யாகும். அது பெருமான் கோயிலினின்றும் வள்ளியம்மன் கோயிலுக்குச் சென்று மீளும். இறுதியில் மாணிக்க கங்கையில் தீர்த்தம் நிகழும். கடல் கடந்து காண வந்தவர்க்குக் காட்டப்பட்டது மூடிய பேழையும் இறக்கிய திரையுமே.

இது கண்டு, வந்தது வீண் என்று மீண்டவர் உளரேல் அவர் சித்தாந்தப் பொருளை உணர்ந்தாரல்லர். படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் தொழில்களோடு மறைத்தலும் அருளலும் சேர ஐந்தொழிலாம். மறைத்தல் பகைமையன்று, உயிர் பக்குவமுறுங்காறும் அருளே மறைந்து நின்று நடத்தும் செயலாம். அதனைத் திரோதானம் என்ப. கதிர்காமத் திரை இவ்வுண்மையை ஏட்டறிவு இல்லார்க்கும் கண்முன் நிறுத்திக் காட்டுகின்றது. உள்ளூர்க் கோயிலில் நாடோறும் திருவுருவைக் கண்டு, கண்டதே போதும் என்றிருந்தார்க்கு, காண வேண்டுவது இன்னும் உண்டு என்று அது உணர்த்துகின்றது.

கலியாணகிரி சுவாமிகளைப் பற்றிய மரபுக்கதை இதற்குச் சான்றாகும். வடநாட்டுத் துறவியாகிய அவர், பெருமானைப் பாரத நாட்டிற்கே மீட்டுக் கொணர்வேன் என்று கதிர்காமம் சென்று 12 ஆண்டுகள் தவமிருந்தார். இறுதியில் வள்ளியம்மையார் தோன்றித் தம் நாயகரைப் பிரிக்கலாகாது என்று மாங்கலியப் பிச்சை கேட்டார். அழைத்துப்போக வந்தவர் மனம் மாறி ஆண்டே தங்கி யந்திரத்தை அமைத்தார் என்பர். இறைவனைத் தம் நாட்டிற்கு உரியவன் எனக் கருதிச் சென்றவர், தாமே இறைவனுக்கு உரியவராயினார்.

பாலாற்றைக் கடந்த எழுவரும் மாக்கடலைக் கடந்த துறவியும் பெற்ற பயன் இஃதேயாம். யாத்திரை இறைவனை அணுகச் செய்வதன்று. அவன் முன்னமே அணியன். எம் ஊர், எம் குலம், எம் மொழி என்று உயிர் பற்றிய பற்றினை அஃது அகற்றுகின்றது. கதிர்காமத்திலே தமிழரும் சிங்களவரும் தத்தம் மொழியிற் போற்றி ஒரே திரையின் முன் நிற்கின்றனர். அக்கோயிலருகே கிரிவிகாரையும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. உள்நாட்டுப் போர் நிகழ்ந்த ஒரு தீவில் இது சிறிய செய்தியன்று.

அடியாரையும் ஆலயத்தையும் ஒருங்கே வழிபடுமாறு சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் பணிக்கின்றது. அயல்மொழி பேசி அதே திரையின்முன் கைகூப்பி நிற்பவரையும் அடியார் எனக் காணக் கற்றவர்க்கே கடல் கடந்த செலவு பயன்பட்டதாம். நெல்லிவாசல்நாட்டுக் கொல்லையில் ஆடிமழை நனைப்பச் சாமைக்குக் களைபறிக்கும் உழவர் ஒருவர் வள்ளிமலைத் திசை நோக்கிக் கைகூப்புவராயின், அவர் திருவிராமேச்சுரக் கரையில் நின்று பாடிய பெரியோர் நெறியினின்றும் வழுவியவரல்லர். செல்ல இயன்றவர் சென்று செருக்கொழிக; இயலாதவர் இருந்த இடத்திலேயே அதனை ஒழிக்க. இருவர்க்கும் திரை நீக்குவோன் ஒருவனேயாம்.

திருச்சிற்றம்பலம்