பந்தும் பதவியும்: சென்னைக் கூடைப்பந்து வரலாறு நமக்குக் காட்டும் வழி

கல்விச் சங்கங்கள் வெளியிடும் வெள்ளி விழா மலர்களில் தேர்வு, பட்டம், உத்தியோகம் ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகள் இடம்பெறுவது மரபு. விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை இங்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். உடலோம்பலும் கல்வியின் ஒரு கூறே என்று பொதுப்படக் கூறி அவ்வினாவைக் கடந்துவிடலாம். எனினும் அவ்விடை முழுமையானதன்று. விளையாட்டையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு உயர்ந்தோரின் வரலாற்றை ஊன்றி நோக்கின், ஒரு சமுதாயம் யாருக்கு எந்த வாயிலைத் திறக்கிறது, எதனை அடைத்து வைக்கிறது என்பது தெளிவாகும். மைதானம், பயிற்சி, பிழைப்பு, தலைமை என்னும் நான்கு வாயில்களை ஓர் ஆட்டக்காரர் கடக்க வேண்டியுள்ளது. நம் சென்னை மாநகரின் தென்பகுதியில் வேர்கொண்ட கூடைப்பந்து ஆட்டத்தைக் கொண்டு இந்நான்கினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் பிறப்பும் சென்னை வருகையும்

கூடைப்பந்து, தோன்றிய நாளும் இடமும் தோற்றுவித்தவர் பெயரும் ஐயமின்றித் தெரிந்த ஆட்டமாகும். 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் இதனை உருவாக்கினார். கடுங்குளிர் காரணமாக வெளியே ஆட இயலாத மாணவர்க்குக் கூடத்தினுள் ஆடத்தக்க ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டு, கூடத்தின் மேல்தளக் கைப்பிடியில், தரையிலிருந்து பத்தடி உயரத்தில் அறையப்பட்டன. அவர் வகுத்த விதிகள் பதின்மூன்று. கூடை வளையமாக மாறிவிட்டபோதிலும் அந்தப் பத்தடி உயரம் இன்றளவும் மாறவில்லை. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1892இல், அருகிலிருந்த ஸ்மித் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை இவ்வாட்டத்தைப் பெண்களுக்குக் கற்பித்தார். ஆட்டம் பிறந்து ஓராண்டிற்குள் பெண்களும் அதனைக் கைக்கொண்டனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1919இல் சென்னைக்கு வந்து, 1920இல் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்து, தியாகராயநகருக்கும் சைதாப்பேட்டைக்கும் அருகே, நந்தனத்தில் நிலைபெற்றது. ஆசியாவிலேயே இத்துறைக்கென எழுந்த முதற்கல்லூரி இது என்பர். முன்பெல்லாம் பள்ளிகளில் 'டிரில் மாஸ்டர்' என ஒருவர் இருப்பார். மாணவரை வரிசையில் நிறுத்திக் கைகால்களை அசைக்கச் செய்வதோடு அவர் பணி முடிந்துவிடும். அந்நிலையை மாற்றி, ஆட்டங்களின் விதியும் நுட்பமும் அறிந்த ஆசிரியர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியதே பக் செய்த பெருந்தொண்டு. 1943இல் அவர் மறைந்தார். அவர்தம் மாணவரும் மாணவர்தம் மாணவரும் வழியாகவே கூடைப்பந்து நம் பள்ளி வளாகங்களை வந்தடைந்தது.

முதல் வாயில்: மைதானம்

பள்ளியின் வழியே ஆட்டம் பரவியது எனின், பள்ளிக்குள் நுழைய இயலாதவன் நிலை என்ன? பள்ளி இல்லாதவனுக்குப் பந்தும் இல்லை. நம் வரலாற்றை இங்குச் சற்று நினைவுகூர வேண்டும். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கென, கர்னல் ஆல்காட் அடையாற்றை அடுத்த ஊரூரில் இலவசப் பள்ளியைத் தொடங்கியது 1894இல். நெய்ஸ்மித் கூடைகளை அறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அங்கே புதிய ஆட்டம் ஒன்று கல்லூரிதோறும் பரவிக்கொண்டிருந்தபோது, இங்கே நம் குழந்தைகளுக்கு அரிச்சுவடி கற்பிக்க ஒருவர் முன்வந்ததே செய்தியாக இருந்தது.

சென்னைச் சட்டமன்றத்தில், பொதுத் தெரு, பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். நந்தனத்துக் கல்லூரியின் தொடக்க ஆண்டுகளும் இத்தீர்மானத்தின் காலமும் ஒன்றே. தெருவில் நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்த காலத்தில், மைதானத்தில் ஓடும் உரிமை எத்தகைய அரும்பொருளாக இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இடம் என்று வரும்போது கூடைப்பந்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இதன் ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. சென்னையின் நிலக்கணக்கில் சொல்வதாயின், இரண்டு கிரவுண்டுக்கும் சற்றுக் குறைவு. ஏக்கர்க் கணக்கில் புல்வெளி வேண்டிய கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் இதன் எளிமை விளங்கும். இரண்டு கம்பங்கள், இரண்டு வளையங்கள், ஒரு பந்து, பத்துப் பேர், இவ்வளவே தேவை. நெருக்கமான நகர்ப்பகுதிகளில் வாழும் எளிய மக்களுக்கு ஏற்ற ஆட்டம் இது.

ஊதியம் கிடைத்தது, தலைமை கிடைக்கவில்லை

நம் நாட்டில் விளையாட்டால் பிழைத்த முன்னோடிகளுள் ஒருவர் பல்வங்கர் பாலு. செருப்புத் தைக்கும் குலத்தினர் எனத் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த இவர், பூனாவில் ஆங்கிலேயர் ஆடிய மைதானத்தில் மாதம் நான்கு ரூபாய் ஊதியத்திற்குப் பணியாளராக இருந்தார். ஆங்கிலேயரின் பயிற்சிக்காகப் பந்து வீசியே இணையற்ற பந்துவீச்சாளரானார். இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது; ஆனால் இடைவேளையில் ஏனையோர் கூடத்தினுள் தேநீர் அருந்த, அவருக்கு வெளியே மண்குவளையில் ஊற்றப்பட்டது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பினார். அத்தகையவருக்கு இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி இறுதிவரை வழங்கப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்கே 1923இல் அது கிட்டியது. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் இந்தப் பாலுவும், நம் இரட்டைமலை சீனிவாசனும், எம்.சி. ராஜாவும் உளர் என்பது பலர் அறியாத செய்தி.

கடல் கடந்த நாட்டிலும் நிலைமை இவ்வாறே இருந்தது. அமெரிக்காவின் பெரும் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் 1946இல் தோன்றியது. கறுப்பின ஆட்டக்காரர் அதனுள் இடம்பெற 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் ஏர்ல் லாயிட், சக் கூப்பர், நாட் கிளிப்டன் ஆகிய மூவர் நுழைந்தனர். ஓர் அணியைப் பயிற்றுவிக்கும் தலைமைப் பொறுப்பு கறுப்பினத்தவரான பில் ரசலுக்குக் கிடைத்தது 1966இல்தான். ஓடவும் தாவவும் அனுமதித்தவர்கள், ஆணையிடும் இடத்தை அளிக்க மேலும் பதினாறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர். உழைப்பை ஏற்றுக்கொள்ளும் சமுதாயம் அறிவையும் ஆளுமையையும் ஏற்கத் தயங்குகிறது என்பதை இவ்விரு நாட்டு வரலாறும் ஒருசேர மெய்ப்பிக்கின்றன. ஆகவே, ஆட்டக்காரரின் உயர்வை அளக்கும் சரியான அளவுகோல் தலைமைப் பொறுப்பே.

சென்னை மகள் ஒருவரின் ஏற்றம்

இவ்வளவுகோலைக் கொண்டு நம் காலத்துச் சான்று ஒன்றைக் காண்போம். சென்னையில் 1985ஆம் ஆண்டு பிறந்த அனிதா பால்துரை தம் பதினோராம் வயதில் கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டம் பெற்றவர் அவர். பத்தொன்பதாம் வயதில் இந்தியப் பெண்கள் அணியின் தலைவராக நியமிக்கப்பட்டார். அவ்வணிக்கு அத்துணை இளம் வயதில் தலைமை ஏற்றவர் அவருக்கு முன் எவருமிலர். ஒன்பது ஆசியச் சாம்பியன் போட்டிகளில் ஆடிய முதல் இந்தியப் பெண் என்னும் பெருமையும் அவருடையது. 2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுப் போட்டியில், அவர் தலைமையிலான அணி இறுதியாட்டத்தில் கசகஸ்தானை 75-73 என்னும் புள்ளிக்கணக்கில் வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 2021இல் நடுவணரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. இளையோர் அணிகளைப் பயிற்றுவிக்கும் பொறுப்பையும் அவர் ஏற்றார்.

பதினொரு வயதுச் சிறுமி எட்டே ஆண்டுகளில் நாட்டின் அணித்தலைவரானார் என்பது எளிதாகத் தோன்றலாம். ஆனால் அவ்வெட்டாண்டுகளில் பள்ளி அணி, மாவட்ட அணி, மாநில அணி, தேசிய அணி எனப் படிப்படியாகத் தேர்வுகள் உண்டு. சிறார், இளைஞர், மூத்தோர் என வயதுவாரியாகவும் போட்டிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கணக்கானோர் நின்றுவிட, ஒருசிலரே மேற்செல்வர். ஒரு படியை ஓராண்டு தவறவிட்டால், வயது கடந்துவிடும். அப்படி மீண்டும் வாராது.

மூன்றாம் வாயில்: பிழைப்பு

நம் நாட்டில் கூடைப்பந்து ஆடி வாழ்வது என்பதன் பொருள் மேலை நாட்டினின்று வேறுபட்டது. அங்கே சங்கங்கள் ஆட்டக்காரரை ஒப்பந்தத்தில் அமர்த்தி ஊதியம் தருகின்றன. இங்கே நெடுங்காலமாக அப்பணியைச் செய்தவை அரசு நிறுவனங்களும் வங்கிகளுமே. தென்னக இரயில்வே, பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை, சுங்கத்துறை முதலியன சென்னையில் அணிகளை வைத்துப் புரந்தன. ஆட்டக்காரர் அலுவலகத்தில் ஒரு பதவியில் அமர்த்தப்படுவார். நிறுவனத்தின் அணிக்காக ஆடுவார். ஆடும் வயது முடிந்தபின் அதே அலுவலகத்தில் பதவி உயர்வும் ஓய்வூதியப் பயனும் பெற்று வாழ்வார். அனிதாவும் தென்னக இரயில்வேயில் பணியேற்றவரே.

அவருடன் அதே இரயில்வேயில் பணியாற்றிய கேரளத்து வீராங்கனை கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் என்னும் சங்கத்திற்காகத் தொழில்முறையாக ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைச் சங்கத்தின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. 2014இல் அருச்சுனா விருதும் பெற்றார். கடல் கடந்து சென்றவர் திரும்பி வந்து நிற்பதற்கு இங்கே ஒரு பதவி இருந்தது. காயம்பட்டால் ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிடக்கூடிய இத்தொழிலில், நிலையான பதவி என்னும் பாதுகாப்பு சிறிதன்று. சொத்து ஏதுமில்லாக் குடும்பத்திலிருந்து வரும் ஒருவருக்கோ அதுவே முதற்சொத்து.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றினின்று நம் சங்கமும் நம் பெற்றோரும் கொள்ளத்தக்க பாடங்கள் சில உள்ளன.

முதலாவது, ஆட்டம் படிப்பைக் கெடுக்கும் என்னும் அச்சம் நீங்க வேண்டும். பட்டம் பெற்றவரே மேற்கண்ட பதவிகளில் மேலேற முடியும். ஆட்டத் திறன் பெற்றவருக்கே விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் அரசுப் பணியும் கிட்டும். ஒன்று மற்றொன்றுக்குத் துணை. வகுப்புவாரி ஒதுக்கீட்டைப் போராடிப் பெற்ற நாம், விளையாட்டு ஒதுக்கீடு என்னும் மற்றொரு வழியைக் கேட்டறியாது விட்டுவிடுதல் தகாது.

இரண்டாவது, சான்றிதழ்களைப் பேணுதல். மாவட்டப் போட்டியில் பங்கேற்ற தாள் ஒன்று பிற்காலத்தில் ஒரு குடும்பத்தின் வாழ்வை மாற்றவல்லது. மழையில் ஒழுகும் வீட்டில் அத்தாள் நனைந்து போகாமல் காக்க வழியில்லையெனில், அதனைச் சங்கத்தின் அலுவலகத்தில் ஒப்படைத்துக் காக்கும் ஏற்பாட்டை நாம் செய்யலாம்.

மூன்றாவது, பெண்மக்களை மாலை நேரப் பயிற்சிக்கு அனுப்புதல். இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும் என்னும் கவலை நியாயமானதே. துணைக்கு ஒருவரை அனுப்பி அக்கவலையைத் தீர்க்கலாம். பயிற்சியை நிறுத்தித் தீர்க்கலாகாது.

நான்காவது, 'நம் பிள்ளைகள் உயரமில்லையே' என்னும் சாக்கு. ஐந்தடி மூன்று அங்குல உயரமே உடைய மக்சி போக்ஸ் என்பவர் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தில் 1987 முதல் 2001 வரை ஆடினார். உயரம் பிறப்பால் வருவது. விரைவும் கூர்மையும் பயிற்சியால் வருவன. பிறப்பையே காட்டி ஒருவரின் எல்லையை வகுக்கும் வழக்கத்தால் நெடுங்காலம் துன்புற்ற நாம், அதே வழக்கத்தை நம் குழந்தைகள்மீது ஏவலாமா?

ஐந்தாவதும் முதன்மையானதும் தலைமைப் பயிற்சி. நம் பிள்ளைகள் அணியில் இடம்பெற்றால் போதும் என நாம் மனநிறைவு கொள்கிறோம். அணித்தலைவர், பயிற்சியாளர், நடுவர், தேர்வுக்குழு உறுப்பினர், சங்க நிர்வாகி ஆகிய இடங்களில் அமர்வோரே யார் ஆடுவது என்பதை முடிவு செய்கின்றனர். விதிநூலைக் கற்று நடுவர் தேர்வு எழுதவும், உடற்கல்விப் பட்டம் பெறவும் நம் இளைஞரை ஊக்குவித்தல் வேண்டும். நந்தனத்துக் கல்லூரி நமக்குத் தொலைவில் இல்லை. மயிலையிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் பேருந்தில் செல்லும் தூரமே.

மண்குவளையில் தேநீர் அருந்தி ஆடிய பாலுவின் காலம் கடந்தது. பத்தொன்பது வயதுச் சென்னைப் பெண்ணொருத்தி நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கும் காலம் வந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைத் தீர்மானங்களும் பள்ளிகளும் பணியிடங்களும் ஆசிரியரின் உழைப்பும் சேர்ந்தே கடந்தன. இரண்டு கிரவுண்டுக்கும் குறைவான நிலத்தில் இரு கம்பங்களை நடும் பணி நம் சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. இவ்வெள்ளி விழா ஆண்டில் அதனைத் தொடங்குவோமாயின், பொன்விழா மலரில் எழுதப்படும் வரலாறு நம் பிள்ளைகளுடையதாகவே இருக்கும்.